பூனை இல்லாத வீடு

"வீட்டுல பூனை உண்டா சார்?"

டாக்டர் ஜெஸ்லின் கேட்டது சாம்பசிவனை. பதில் வந்தது அவர் மனைவி சீதாலக்ஷ்மியிடமிருந்து.

"பூனையா? எங்காத்துலயா? நன்னா கேட்டேள் போங்கோ! வெளக்குமாத்தைத் தூக்கினேன்னா, வலியசாலைலேர்ந்து கிள்ளிப்பாலம் வரைக்கும் துரத்திண்டு போவேனாக்கும்!"

சீதாலக்ஷ்மியின் மடி ஆசாரம் தெருவுக்கே தெரிந்த சங்கதி. அவள் சமையலறைப் பக்கம் காக்கா கூட யோசித்துத்தான் உட்காரும்.

சாம்பசிவனுக்கு அக்குளில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. விட்டு விட்டுக் காய்ச்சல். ஆள் பாதியாகிவிட்டார். புற்றுநோயாக இருக்குமோ என்று பெரிய டாக்டருக்குச் சந்தேகம். கட்டியில் ஒரு துண்டை வெட்டி எடுத்துப் பார்க்க நாளைக் காலை என்று முடிவாகிவிட்டது. தலைமைச் செயலகத்தில் கோப்புகளோடு மல்லுக்கட்டும் மனிதருக்கு, கத்தி என்ற பேச்சே ஆகாது. வெட்டிப் பார்த்த பிறகு என்ன சொல்வார்களோ என்ற பயம் அதைவிடப் பெரியது. இந்த நேரத்தில் ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து ஒரு டாக்டர் வந்து பூனையைப் பற்றி விசாரித்தால் எப்படி இருக்கும்?

ஜெஸ்லின் அவருடைய முன்கையைத் திருப்பிப் பார்த்தாள். "அப்ப இந்தக் கீறல்?"

"அது... செம்பருத்திப் பூ பறிக்கறச்சே..." என்று இழுத்தார் சாம்பசிவன்.

"செம்பருத்தியில ஏது சார் முள்ளு?"

"எங்காத்துச் செம்பருத்தி கொஞ்சம் பொல்லாதது டாக்டர்" என்றாள் சீதாலக்ஷ்மி அவசரமாக. அப்படியே எழுந்துகொண்டாள். "நான் கான்டீன்ல காப்பி வாங்கிண்டு வரேன். நீங்க ரெண்டு பேரும் பேசிண்டிருங்கோ."

அவள் போனதும் ஜெஸ்லின் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சார், நான் பார்டோனெல்லான்னு ஒரு கிருமியைப் பத்தித்தான் ஆராய்ச்சி பண்றேன். தெள்ளுப்பூச்சி வழியா பூனை ரத்தத்துல ஏறும். பூனைக்குப் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. அது பிறாண்டினா மனுஷனுக்கு இப்படி நெறி கட்டும், காய்ச்சல் வரும். சாதாரண டெஸ்டுல சிக்காது, கேட்டீங்களா? பூனை உண்டுன்னு சொன்னாத்தான் நாங்க அதைத் தேடவே செய்வோம்."

"அப்போ... இது கேன்சர் இல்லையா?"

"நீங்க உண்மையைச் சொல்லுங்க. நானும் சொல்றேன்."

சாம்பசிவன் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"உண்டு டாக்டர். கறுப்புப் பூனை. அம்மிணின்னு பேரு. மழையில நனைஞ்சு என் ஸ்கூட்டருக்கு அடியில கெடந்தது, மனசு கேக்கலை. பக்கத்துல பூட்டிக் கெடக்கிற ஆத்துக் கொல்லையில வச்சிருக்கேன். கோவிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு, தினமும் அதுக்குப் பால் ஊத்திட்டு வரேன்."

"மாமிகிட்ட சொன்னா என்ன?"

"ஐயோ! அன்னிக்கே அதைத் துரத்திடுவா. என்னைக் கண்டா வாலைத் தூக்கிண்டு ஓடி வர்ற ஜீவன் டாக்டர் அது. என்னை வேணும்னா வெட்டிக்கட்டும், அது எங்கே போகும்?" அவர் கண் கலங்கிவிட்டது.

ஜெஸ்லினுக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

"நாளைக்கு வெட்டு கிடையாது சார். உங்க ரத்தத்துல பார்டோனெல்லா உண்டுன்னு இப்பத்தான் ரிசல்ட் வந்தது. பெரிய டாக்டரும் பார்த்தாச்சு. மாத்திரையிலேயே சரியாகிடும்."

சாம்பசிவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது. "பூனை உண்டுன்னு சொன்னாத்தான் தேடுவோம்னேளே? நான் இப்பத்தானே சொன்னேன்?"

"கீறல் எப்படி வந்ததுன்னு உங்க வாயாலயே வரணும், அதான் கேட்டேன்." ஜெஸ்லின் குரலைத் தணித்துக்கொண்டாள். "சொல்ல மாட்டேன்னு மாமிகிட்ட சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன், காட்டிக் கொடுத்துடாதீங்க. உங்க கையில கீறலைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, முந்தாநாள் உங்க அம்மிணியைக் கூடையில வச்சு, ஆட்டோ பிடிச்சு, மாமியே எங்க லேபுக்குக் கொண்டு வந்தாங்க."

"சீதாவா? அது அவகிட்ட எப்படிப் போச்சு?"

"நானும் அதைத்தான் கேட்டேன் சார். 'அவர் ஊத்தற பாலை அது மோந்துகூடப் பாக்காது டாக்டர், தினமும் மத்தி மீன் வாங்கிப் போட்டு வளர்க்கறது நானாக்கும்'னாங்க!"