நடுவில் இருந்த களிமண்

பட்டறையில் ஒரு பந்தயக் காரின் எஞ்சினைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். புது வால்வும் புது பிஸ்டனும் வந்ததிலிருந்தே முறைத்துக்கொண்டிருந்தன.

"நான் முழுசா இறங்கினாத்தான் உள்ளே காத்து வரும். ஒரு மயிரிழைகூடக் குறைக்க மாட்டேன்" என்றது மேலே இருந்த வால்வு.

"நான் முழுசா ஏறினாத்தான் வண்டி சீறும். நீ விலகிக்கோ" என்றது கீழே இருந்த பிஸ்டன்.

மெக்கானிக் ஞானதாஸ் பிஸ்டனின் தலையில் ஒரு களிமண் உருண்டையை வைத்து, எஞ்சினை மூடி, கையாலேயே மெதுவாகச் சுற்றினார். திறந்தபோது வால்வின் முகம் களிமண்ணில் அச்சாகப் பதிந்திருந்தது. அந்த இடத்தில் இரண்டுக்கும் நடுவே மிஞ்சிய களிமண் காகிதக் கனம்தான்.

"யார் மேல தப்பு?" என்று பிஸ்டன் கேட்டது.

"ரெண்டு பேருமே சொன்னபடிதான் வந்தீங்க" என்றது களிமண். "வேகமா ஓடும்போது கொஞ்சம் முன்னே பின்னே ஆனா மோதிக்குவீங்க. அப்ப நடுவுல நான் இருக்க மாட்டேன்."

ஞானதாஸ் அச்சின் ஓரத்தைக் குறித்துக்கொண்டு களிமண்ணைச் சுரண்டிப் போட்டார். கடைசல் இயந்திரம் ஓடத் தொடங்கியதும் பிஸ்டன் வாயைத் திறந்தது.

"அவன் முகம் பதிஞ்ச இடத்துல என் தலையில குழி வெட்டுங்க. அவன் முழுசா இறங்கட்டும். நானும் முழுசாத்தான் ஏறுவேன்."