பதில் போக வேண்டிய வீடு

சேக்காட்டு நெட் சென்டரின் வாசல்வரை பிற்பகல் வெயில் வந்து நிற்கிறது. இலங்கையின் புதிய அரசியலமைப்புக்கு மக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். தன் கருத்தை இணையத்தில் அனுப்ப வந்த, முப்பது வருடமாக இங்கே அகதியாக இருக்கும் தவமணி, கடைக்காரன் தேவா கீபோர்டில் கைவைப்பதற்குள், பழக்கத்தில் தன் அகதிப் பதிவு எண்ணை ஒப்பிக்கிறாள். "அத்தெல்லாம் கேக்கலக்கா. உனுக்கு இன்னா வோணும்னு சொல்லு." கையிலிருக்கும் லேமினேஷன் உரிந்த அட்டையை அவள் கவிழ்த்து வைக்கிறாள். "வெளியில வந்த எங்களுக்கும் அங்க வாக்கு வேணும்." தட்டி முடித்துத் திரும்புகிறான். "பதிலு எந்த ஊட்டுக்கு வரணும்?" சாவகச்சேரி வீட்டு முகவரியைத் தடுமாறாமல் சொல்கிறாள். "அங்க யாரு கீறாங்க?" "ஒருத்தரும் இல்லை தம்பி. வீடு நிக்குதோ எண்டு தபால்காரனாவது போய்ப் பாக்கட்டும்."