சுடுதண்ணிப் பதம்

"செருப்பைக் கழட்டுங்கம்மா."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பதுளை டவுன்ல, மாடி மேல ஒரு கிளாஸ். சுத்திவர ஊரான் வீட்டுப் பிள்ளைங்க. நடுவுல கதிரையைப் போட்டு என்னை உட்கார வச்சு, காலைக் காட்டச் சொல்றா என் மக கேசினி.

ஜப்பானுக்குப் போய் வயசானவங்களைப் பார்க்கிற வேலை. அதுக்கு இன்னைக்குப் பரீட்சை. நோயாளியா உட்கார ஆளுக்கொருத்தரை வீட்டுல இருந்து கூட்டிட்டு வரணுமாம். வரமாட்டேன்னு சண்டை போட்டேன். கேட்டாத்தானே!

லயத்து வீட்டுல எந்நேரமும் இதே பாட்டு. ஆஷின்னா காலாம். யுன்னா சுடுதண்ணியாம். சேர்த்தா ஆஷியு. அதையே நோயாளிக்குச் செஞ்சா சொகுயொகுவாம். அடக் கொடுமையே, காலைக் கழுவுறதுக்கு இத்தனை பெயரா!

படிக்கட்டும், போகட்டும். ஆனா பாதிப் பாடத்துல "உங்களை யாரும்மா பார்ப்பா, நான் போகலை"ன்னு ஆரம்பிப்பா பாருங்க, அங்கதான் எனக்கு வெறி வரும். எனக்கு என்னடி கேடு? நமுனுகுல மலையில இன்னும் தேயிலைக் கொழுந்து எடுக்கிறேன். நீயும் அந்தக் கூடையைத் தலையில மாட்டத்தானா உன்னைப் படிக்க வச்சேன்?

கழட்டினேன். பாதத்தைத் தரையோட அழுத்தி வச்சுக்கிட்டேன்.

கூட நின்ன பிள்ளை கேத்தல்ல கொதிச்ச தண்ணியைப் பேசின்ல ஊத்திட்டு நகர்ந்துட்டா. குப்புன்னு ஆவி. ஜப்பான்காரங்களுக்கு இப்படித்தான் பிடிக்கும் போலன்னு ரெண்டு காலையும் உள்ள வச்சேன்.

கேசினி முட்டி போட்டா. பரீட்சை வைக்கிற றுஸைனா மிஸ்ஸை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. ஜப்பான் பாஷையில கேட்டா, தண்ணி பதமா இருக்கான்னு.

பதில் அவ பழக்கி விட்டதுதான். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"சோதோ ஈ தெஸ்." சரியான பதம்.

மிஸ் சிரிச்சாங்க. கேசினியும் சிரிச்சுக்கிட்டே கையை உள்ள விட்டா.

ஐயோன்னு அலறி வெளியில இழுத்தா. விரலெல்லாம் செவந்துபோச்சு. பச்சத்தண்ணி கலக்கலையான்னு மிஸ் பதறி ஓடி வந்தாங்க.

நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். நானும் கத்தியிருக்கணும். அந்த நேரம் புத்தி வேலை செய்யலை.

கேசினி என் காலை வெளியில தூக்கினா. கணுக்கால் வரைக்கும் வெந்துபோயிருந்துச்சு. உள்ளங்கால்ல, மலையில ஆணி ஏறின புண்ணு, ஆறாம அப்படியே. அன்னைக்கும் செருப்புல ரத்தத்தைப் பார்த்துத்தான் எனக்கே தெரிஞ்சுச்சு. சீனி வருத்தத்துல, அதான் சுகர்ல, கால் மரத்துப்போச்சுன்னு கிளினிக்ல சொன்னாங்க. நான் வீட்டுல மூச்சு விடலை.

அவ காலை விடவும் இல்லை, தலை நிமிரவும் இல்லை.

"எப்ப இருந்தும்மா?" தமிழ்லதான் கேட்டா.

இனி இவ போகமாட்டாளேன்னு எனக்கு அப்படியொரு ஆத்திரம். அந்தக் கேத்தல் மேல. இந்தச் செத்த கால் மேல.

"சோதோ ஈ தெஸ்"னு கத்தினேன்.