துண்டின் ஓரம்

ஒரே ஆலை, ஊருக்கொரு வட்டி. கரூரில் துண்டு ஆலை நடத்தும் நல்லசிவத்துக்கு, கடனுக்கு மும்பை வங்கி சொன்ன வட்டியே கட்டுப்படியாகவில்லை. லண்டன் வங்கியோ, தூர தேசம் என்று இன்னும் ஏற்றியது. கடன் அமையாவிட்டால் பாதித் தறிகளை விற்கத்தான் வேண்டும் என்றிருந்தார். சிங்கப்பூரில் கணக்கையெல்லாம் புரட்டிய வங்கி அதிகாரி மெய்லிங், கடைசியில் தன் பையிலிருந்து ஒரு பழைய துண்டை எடுத்து மேசையில் விரித்தாள். அவர் ஆலைத் துண்டுதான். ஆறு வருடம் துவைத்துச் சாயம் போயிருந்தது. ஓரம் மட்டும் பிரியவில்லை. அதை விரலால் நீவிவிட்டு, தன் வங்கியின் வட்டியில் கால் சதவீதம் குறைத்துக் கடன் கடிதம் எழுதினாள்.

ஊர் திரும்பியவர் நேரே ஓரம் தைக்கும் ராசாமணியிடம் போய் அந்தக் கடிதத்தை நீட்டினார்.

"எனக்கு இங்கிலீசு தெரியாதுங்களே. என்னங்க போட்டிருக்குது?"

"உன்ற தையலுக்கு வெல போட்டிருக்காங்க அம்மிணி" என்று கைகூப்பினார்.

ராசாமணி கடிதத்தின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.