எட்டு மணிக் கதவு

எங்கள் பள்ளிக்கு நூற்றிருபது வயது. எட்டு மணிக்குக் கதவைச் சாத்தினால் எந்தக் கொம்பனுக்கும் திறக்கக் கூடாதாம். பீற்றிக்கொள்ள வேறொன்றும் கிடையாது. தினமும் எட்டு ஒன்றுக்கு வெளியே யாரோ தட்டுவார்கள். அது காதில் விழாதபடி உடனே பள்ளிப்பாட்டை உரக்கப் பாடுவோம்.

"யாரு சார் தட்றது?" என்று கேட்டேன், வேலைக்குச் சேர்ந்த புதிதில்.

"நான் சேர்றதுக்கு முன்னாடியே தட்டிக்கிட்டுதான் இருக்கு. அது நம்ம பாரம்பரியம்மா," என்றார் தலைமையாசிரியர், டையைச் சரிசெய்தபடி.

இன்று பேருந்து காலை வாரிவிட்டது. சாத்திய கதவைத் தட்டினேன். உள்ளே பாட்டு உரத்தது. தலைமையாசிரியரின் கட்டைக் குரல் எல்லாவற்றுக்கும் மேலே. வெட்கங்கெட்ட கூட்டம். நேற்றுவரை நானும் அதில்தான் பாடினேன்.

கையை எடுத்தேன். தட்டும் சத்தம் நிற்கவில்லை. பக்கத்தில் யாருமில்லை. என் இடுப்புக்குக் கீழே, ஒரு குழந்தையின் கை எட்டும் உயரத்தில், கதவில் பெயின்ட் தேய்ந்திருந்த இடத்திலிருந்து அது வந்துகொண்டிருந்தது.