ஊமைச் சிப்பாய்

துருக்கியோடு போரிட்ட ருஷ்யப் படையின் ஆர்மீனியத் தொண்டர் அணியில் ஹைகாஸைப் போல ஒரு வேவுகாரன் கிடையாது. ஊமைதான். மலையேறிப் பார்த்துவந்ததைக் கைச்சாடையில் சொல்வான். கிழவர் மனூக் அதைக் கேப்டனுக்குச் சொல்வார். அந்தச் சாடை தனக்கு மட்டும் எப்படிப் புரிகிறது என்று மனூக் யோசித்ததே இல்லை.

அன்று காலை கேப்டன் ஹைகாஸின் கையைக் கட்டி நிறுத்தியிருந்தார்.

“உன் ஊமை நேத்து குதிரையோட பேசிட்டிருந்தான், மனூக். சமையல்காரன்கிட்டயும் பேசியிருக்கான். உன் தலையைக் கண்டாத்தான் வாயை மூடிக்கறான். உளவாளி. சுடப் போறேன்.”

மனூக் தன் கைக்குட்டையால் ஹைகாஸின் மூக்கையும் வாயையும் மறைத்துப் பார்த்தார். கண்கள் மட்டும் தெரிந்தன. தலையில் அடித்துக்கொண்டார்.

“அவுத்துவிடுங்க, கேப்டன். இது என் மருமக. எங்க ஊர்ல மாமனார் உத்தரவு தர்றவரைக்கும் மருமக அவர் முன்னாடி பேசக் கூடாது, கண்ணு மட்டும் தெரிய முகத்தை மூடின முக்காட்டையும் எடுக்கக் கூடாது. வீட்டுல எல்லாமே சாடைதான். அம்மா வீட்டுக்குப் போறேன்னுகூடச் சாடை காட்டிட்டுத்தான் கிளம்பினா.”

“அப்ப உத்தரவு குடு. பேசட்டும்.”

மனூக் தொண்டையைச் செருமினார். “பேசலாம்மா.”

“ரெண்டு மாசமா சொல்லணும்னு இருந்தேன், மாமா,” என்றாள் அவள். “பதுங்குகுழியில குறட்டை விடாதீங்க. துருக்கிக்காரன் அதைக் கேட்டுத்தான் குறி பாக்கறான்.”