இரண்டு முனையிலும் ‘மேல்’

துருவத்தில் துளைத்தெடுத்த பனித்தண்டுகளைக் குழாய்களில் அடைத்து வைத்திருந்த கிடங்கின் குளிர்ப்பொறி நின்று நாற்பது நிமிடமாகிவிட்டது. மைனஸ் முப்பத்தாறில் இருக்க வேண்டிய வெப்பநிலை மைனஸ் பதினெட்டுக்கு ஏறியிருந்தது. மாற்றுக் குளிர்ப்பெட்டியில் இன்னும் ஒரே ஒரு குழாய்க்குத்தான் இடம். பட்டியலின்படி அது 212-ஆம் எண் குழாய்க்கு உரியது. அதிலிருந்த பனியை யாரும் இன்னும் ஆராய்ந்ததில்லை.

பரிதி 87-ஐத் தூக்கினான். அவன் மனைவி யாழினி பனியை அடைத்துக் கட்டிய குழாய் அது. அவசரத்தில் இரண்டு முனையிலும் ‘மேல்’ என்று எழுதிவிட்டாள். எந்தப் பக்கம் பழைய பனி என்று தெரியாததால் அது எந்த ஆராய்ச்சிக்கும் உதவாது. “ரெண்டு பக்கமும் மேலேன்னா கீழ எங்கம்மா போச்சு?” என்று அப்போது எல்லோரும் சிரித்தார்கள். அவள் இறந்து நான்கு மாதம்.

வாசலில் கிடங்குப் பொறுப்பாளர் கஸ்தூரி மேடம் பட்டியலோடு நின்றார்.

“சீக்கிரம் பரிதி. நம்பர் என்ன?”

“இருநூத்திப் பன்னெண்டு மேடம்.”

அவர் பேனா காகிதம் வரை போய் நின்றது. குழாயின் முனையில் எழுத்தை மறைத்திருந்த அவன் கையுறையைப் பார்த்தார்.

“கைய எடுப்பா.”

மைனஸ் பதினேழு. அவன் எடுக்கவில்லை.